தமிழ்நாட்டு நிலத்தையும் கைவேலையையும் வைத்து விழா அலங்காரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, அலுவலக ஆண்டு விழா என்று எதற்கு வந்தாலும் இப்போது பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "நம்ம ஊர் மாதிரி இருக்கணும்." அதற்குப் பிறகு வரும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறோம்.

கிராமத்து செட் போடுவதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. ஃபோம் ஷீட்டில் வெட்டிய வண்டிச் சக்கரம், பிரிண்ட் எடுத்த ஓட்டு வீடு, பெயின்ட் அடித்த பானை, ஓரத்தில் ஒரு அரிக்கேன் விளக்கு. இந்த செட் திருநெல்வேலியிலும் இதேதான், கிருஷ்ணகிரியிலும் இதேதான். எந்த ஊரையும் சேராத ஒரு கிராமம் அது. குடோனிலிருந்து வரும், மறுநாள் அங்கேயே திரும்பிப் போகும்.

நாங்கள் சொல்லும் அலங்காரத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். இந்த மாதம் இந்தப் பக்கத்தில் என்ன விளைகிறது? அதை வைத்து வேலை செய்யத் தெரிந்த கை எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டு விழாவில் அதற்கு என்ன இடம்? மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பொருள் தானாகவே குறைந்துவிடும். குறைவதே நல்லது. மேடையில் பத்துப் பொருளைக் குவித்தால் எதுவும் கண்ணில் நிற்காது.

எங்கிருந்து தொடங்குவது?

தேதியிலிருந்து. நிறத்திலிருந்தோ இணையத்தில் பார்த்த படத்திலிருந்தோ அல்ல. தை மாதக் கல்யாணமும் வைகாசிக் கல்யாணமும் ஒரே ஊரில் நடந்தாலும் கையில் கிடைக்கும் பொருள் வேறு. தேதிக்கு அடுத்து இடம்: மண்டபமா, தோப்பா, வீட்டு வாசலா. நிறத்தைக் கடைசியில் பேசலாம். பெரும்பாலும் பொருளே நிறத்தை முடிவு செய்துவிடும்.

எங்கள் பக்கத்துக்கு என்ன பொருந்தும்?

இதற்குச் சற்று நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

காவிரி டெல்டா என்றால் முதலில் நெல். சம்பா அறுவடை தை, மாசியில் வரும். குறுவை புரட்டாசி வாக்கில் வரும். நன்கு முற்றிய கதிரைக் கட்டித் தொங்கவிட்டால் விருந்தாளிகள் வருவதற்குள் மணியெல்லாம் தரையில் கிடக்கும். மணி பழுக்கத் தொடங்கியதும், தாளில் இன்னும் பச்சை இருக்கும்போதே நீளமாக அறுத்து, பிடி பிடியாகக் கட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். அப்படிக் காய்ந்த கதிர் உதிராது, நிறமும் நிற்கும். விவசாயியிடம் முன்கூட்டியே பேசி, வரப்போரம் ஒரு பாத்தியைக் கேட்டு வாங்குங்கள். கதிர்க்கொத்தை வாசலில் குருவிகளுக்காகக் கட்டும் பழக்கம் அந்தப் பக்கத்தில் உண்டு என்பதால் அதற்குத் தனியாக விளக்கமும் தேவைப்படாது.

டெல்டாவில் இன்னும் இரண்டு கைவேலைகள் உண்டு. ஒன்று நெட்டி. குளம் குட்டையில் வளரும் செடியின் வெள்ளைத் தண்டை மெல்லியதாகச் சீவிச் செய்வது. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்குக் கட்டும் நெட்டி மாலையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எடையே இல்லாததால் உயரத்தில் தொங்கவிட ஏற்றது. ஆனால் தீப்பொறி ஆகாது, விளக்கிலிருந்து தள்ளியே இருக்கட்டும். இன்னொன்று கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டைப் பக்கத்துக் கலம்காரித் துணி, அதாவது கையால் வரைந்து சாயமேற்றிய துணி. கோயிலுக்காக அங்குள்ள கலைஞர்கள் காலங்காலமாகச் செய்துவரும் பொருள்களே நமக்குத் தேவையானவை: உருளையாகத் தொங்கும் தொம்பை, தலைக்கு மேல் கட்டும் விதானமான அஸ்மானகிரி, வாசலுக்குத் தோரணம். மணவறைக்கு மேல் ஒரு அஸ்மானகிரி, இரு பக்கமும் இரண்டு தொம்பை. மேடைக்கு அதற்கு மேல் ஒரு பூகூடத் தேவையில்லை என்பது என் எண்ணம். பூவுக்காக வைத்திருந்த பணத்தைத் துணிக்குக் கொடுத்தால் அது அடுத்த தலைமுறைக் கல்யாணத்துக்கும் வரும்.

கொங்குப் பக்கத்தில் நிறத்துக்குப் பவானி ஜமக்காளம். 2005-லேயே புவிசார் குறியீடு பெற்றது. அகலமான வண்ணக் கோடுகள், கனமான பருத்தி. இதை மேடையில் தொங்கவிடுவதைவிட விரிக்க வேண்டிய இடத்தில் விரிப்பதே அழகு: நலங்குக்கு உட்கார, பெரியவர்கள் அமர்ந்து பேச, பாட்டுக் கச்சேரிக்கு. பொங்கலை ஒட்டிய விழா என்றால் காப்புக்கட்டுக் கொத்து இருக்கிறது. ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை சேர்த்துக் கட்டுவது. போகியன்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருக்கும். மஞ்சளும் வெள்ளையும் பச்சையும் சேர்ந்த அந்தக் கொத்தைத் தூணுக்குத் தூண் கட்டினால் போதும். பூக்கடைக்கே போக வேண்டாம்.

தெற்கே தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் பனை. ஓலைப்பெட்டி, விசிறி, கிலுகிலுப்பை எல்லாம் உள்ளூரிலேயே முடைவார்கள். பனை நம் மாநில மரம். வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். அலங்காரத்துக்கு ஓலை மட்டும் போதும், மரத்தில் கை வைக்க வேண்டியதே இல்லை. திருநெல்வேலி என்றால் பத்தமடைப் பாய். மணமக்கள் பெயரையும் தேதியையும் பாயிலேயே நெய்து தருவார்கள். கன்னியாகுமரிப் பக்கத்தவர்களுக்குத் தோவாளை மாணிக்க மாலை: வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்துப் பட்டையாகக் கட்டுவது. கல் பதித்த நகையைத் துணியில் விரித்துவைத்த மாதிரி இருக்கும். இதை மாலையாகப் போடுவதோடு நிறுத்தாமல், மேடையின் மேல்விளிம்பில் ஒரே வரியாக ஓடவிட்டுப் பாருங்கள்.

செட்டிநாட்டில் உங்களுக்கு அலங்கார வேலையே குறைவு. ஆத்தங்குடிக் கல் தளமும் வளவுத் (உள்முற்றத்) தூண்களும் உள்ள வீட்டில் விழா நடத்திக்கொண்டு அவற்றைத் துணி போட்டு மறைப்பவர்களைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கும். தரையைக் கழுவித் துடைத்துவிட்டு, தாம்பூலத்துக்குக் கொட்டான் என்னும் சிறு பனையோலைக் கூடை வையுங்கள், போதும். கண்டாங்கிச் சேலையின் கட்டத்தையும் கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு நிறங்களையும் எடுத்துக்கொண்டால் வண்ணமும் தயார்.

மதுரை, திண்டுக்கல் பக்கத்துக்கு மல்லிகை. அதைக் கீழே தனியாகப் பேசலாம். சுங்குடித் துணியின் புள்ளிகளையும் மறக்க வேண்டாம்.

சென்னைக்காரர்கள் "எங்களுக்கு என்ன இருக்கிறது" என்று கேட்பார்கள். உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்ததோ அது இருக்கிறது. பெண் வீடு கும்பகோணம், பையன் வீடு ஈரோடு என்றால் நெற்கதிரும் ஜமக்காளமும் ஒரே மண்டபத்தில் சண்டை போடாது.

பூவை எப்படித் தேர்ந்தெடுப்பது? விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

பனிக்காலத்தில் மல்லிகைச் செடி பூப்பது குறைந்துவிடும். அதே நேரத்தில் பொங்கலும் தை முகூர்த்தங்களும் வரும். அதனால் சில நாள்களில் மதுரை மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அதே பூ சித்திரை, வைகாசி வெயிலில் குவியும்போது சில நூறு ரூபாய்க்கு இறங்கும். தையில் கல்யாணம் வைத்துக்கொண்டு மேடை முழுக்க மல்லிகை கேட்டால் டெக்கரேட்டர் என்ன செய்வார்? உள்ளே சம்பங்கியைச் சொருகி, முன்பக்கம் மட்டும் மல்லிகை கட்டுவார். அதற்குப் பதில் தலைக்கும் மாலைக்கும் மட்டும் மல்லிகை என்று நீங்களே முடிவு செய்துவிட்டால் மேடைக்குச் செவ்வந்தியும் சம்பங்கியும் தாராளமாகக் கிடைக்கும்.

மல்லிகையில் இன்னொரு கணக்கு, நேரம். விடியற்காலையில் பறிப்பது மொட்டு. அது விரிவது சாயங்காலம். மாலை வரவேற்பு என்றால் அன்று காலை வந்த மொட்டைக் கட்டுங்கள். விருந்தினர்கள் வரும் நேரத்தில் சரம் விரிந்து மணம் பரவும். அதிகாலை முகூர்த்தம் என்றால் முதல் நாள் பூவைக் குளிரில் வைத்து விரியாமல் தடுக்க வேண்டியிருக்கும். அப்போதும் கொஞ்சம் பழுப்பு தட்டும். காலை முகூர்த்த மேடைக்கு அரளி, செவ்வந்தி, செண்டுமல்லி என்றால் அந்தக் கவலை குறைவு. தாமரை ஒரு நாள் அழகு. இதழை மடித்துவிட்டால் அதுவும் இல்லை, மடித்த சில மணி நேரத்தில் ஓரம் கறுக்கும். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் முதல் நாள் இரவே கட்டி முடித்துவிடலாம்.

சித்திரையில் விழா என்றால் சரக்கொன்றையைப் பாருங்கள். பெரும்பாலும் தெரிந்தவர் வீட்டு மரத்திலிருந்துதான் கிடைக்கும். பறித்த சில மணி நேரத்திலேயே இதழ் உதிரும், ஆகவே கடைசி நேரத்தில் தொங்கவிட வேண்டும். அந்தத் தலைவலிக்கு ஈடு உண்டு: அந்த மஞ்சளை வேறு எந்தப் பூவும் தராது.

வெயில் காலத்தில் பூவைவிட வெட்டிவேர் நல்ல தேர்வு. வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் உள்ளே வருபவர் முதலில் மணத்தைத்தான் உணர்வார்.

ஜெர்பரா, ஆர்க்கிட் கூடவே கூடாதா?

ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களில் விளையும் ரோஜாவும் ஜெர்பராவும் நம் மாநிலப் பூதான். வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் வரும் ஆர்க்கிட்டை "நம்ம ஊர் அலங்காரம்" என்று சொல்லி வைப்பதுதான் சரியில்லை. பூ குத்தும் பச்சை ஃபோமை மட்டும் தவிர்க்கப் பாருங்கள். அது மக்காது, தூளாகி வடிகாலில்தான் சேரும். வாழைத்தண்டைத் துண்டாக வெட்டி அதில் குத்தினால் ஒரு நாள் முழுக்க ஈரம் நிற்கும்.

குருத்தோலைத் தோரணம் கட்ட எவ்வளவு முன்னால் தொடங்க வேண்டும்?

வெட்டிய நாளும் அதற்கு அடுத்த நாளும்தான் குருத்தோலைக்கு. அந்த வெளிர் மஞ்சள் அதற்கு மேல் நிற்காது. ஓரம் பழுப்பாகத் தொடங்கும், மடித்தால் பிளக்கும். முதல் நாள் காலையில் வெட்டி வந்து, விரிக்காமல் கட்டாகவே ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். மதியத்துக்கு மேல் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கலாம். ஒவ்வொரு இலையிலிருந்தும் ஈர்க்கை உரித்தெடுத்துத் தனியாக வைத்துக்கொள்வார்கள். கிளி, பின்னல், பூ என்று மடித்த பிறகு அந்த ஈர்க்கையே சிறு துண்டாக ஒடித்து ஊசிபோலக் குத்திவிடுவார்கள். இப்போது எல்லோரும் ஸ்டேபிளர் அடிக்கிறார்கள். வேலை வேகமாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் மறுநாள் ஓலை மாட்டுக்குப் போகும்போது அந்தக் கம்பியும் வயிற்றுக்குள் போகும். ஈர்க்குக் குத்தச் சொல்லிக் கேளுங்கள். தெரிந்தவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. மங்கலத் தோரணத்துக்கும் துக்க வீட்டுத் தோரணத்துக்கும் மடிப்பில் வித்தியாசம் உண்டு. குருவித் தலைகளின் எண்ணிக்கையும் அவை பார்க்கும் திசையும் மாறும். வீடியோ பார்த்துக் கற்ற பையன் தவறாகத் தொங்கவிட்டால், மண்டபத்துக்குள் நுழையும் முதல் பாட்டி கண்டுபிடித்துவிடுவார். பிறகு அன்று முழுக்க அதே பேச்சுதான்.

குருத்து என்பது தென்னை அடுத்து விடவிருக்கும் இலை. காய்க்கிற மரத்திலிருந்து அதை எடுப்பது மரத்துக்கு இழப்பு. எதற்காகவோ சாய்க்கப்போகும் மரத்திலிருந்து எடுத்துத் தருபவரைத் தேடுங்கள். மீதி இடத்துக்கு முற்றிய பச்சை ஓலைப் பின்னலே நன்றாக இருக்கும்.

வாசலில் வாழைமரம் கட்டாயமா?

கட்டுவதென்றால் தார் போட்ட உண்மையான மரம். பிளாஸ்டிக் வாழைமரத்துக்குப் பதில் ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். வெட்டிய இடத்தில் வடியும் பால் துணியில் பட்டால் கறை போகவே போகாது, ஆகவே பட்டுப்புடவைகள் நடக்கும் பக்கம் வெட்டுவாயைச் சாக்கால் கட்டிவிடுங்கள்.

மண்டபத்தில் கோலம் நிற்குமா?

கார்பெட்டில் நிற்காது. ஸ்டிக்கர் கோலம் ஒட்டுவதற்குப் பதில், கார்பெட்டையே ஒரு பத்துக்குப் பத்து அடி சுருட்டிவிட்டுத் தரையில் போடலாம். பளபளக்கும் டைல்ஸில் உலர்ந்த மாவு ஏசிக் காற்றுக்கே நகரும். அதற்கு மாக்கோலம்தான் வழி. அரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, துணியில் தோய்த்து, மோதிர விரல் வழியாக இழுப்பது. போடும்போது ஒன்றும் தெரியாது, வெறும் ஈரக் கோடுதான் இருக்கும். காயக் காயத்தான் வெள்ளை மேலே வரும். அதனால் விருந்தினர்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்து, காய்கிற வரை கயிறு கட்டி மறித்து வையுங்கள். காய்ந்ததும் சுற்றிலும் காவிப் பட்டை. காவி கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் வெள்ளை எடுத்துக்காட்டும்.

கோலம் போட ஆளைக் கூப்பிடுவதைவிட, வீட்டில் யாருக்குக் கை வரும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு அத்தையோ பெரியம்மாவோ இருப்பார். அவருக்கு அன்று அதுவே பெரிய மரியாதை. இழை கொஞ்சம் கோணினால் கோணட்டும்.

கைவினைப் பொருள்களை எப்போது ஆர்டர் செய்வது? அசல்தானா என்று எப்படித் தெரியும்?

மண் பானை, குடம், அகல் வேண்டுமென்றால் மழைக்கு முன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் பானை காயாது, சூளை வைக்க முடியாது. தை மாதக் கல்யாணத்துக்கு, மணவறையில் அடுக்கும் அரசாணிப் பானை கேட்டு மார்கழியில் போய் நின்றால் கையில் இருப்பதைத்தான் தருவார்கள். மானாமதுரை போன்ற ஊர்களில் ஆவணியிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். பத்தமடையில் பெயர் நெய்த மெல்லிய பாய்க்கு ஒன்றிரண்டு மாதமாவது கொடுங்கள். கோரையை ஊறவைப்பது, கிழிப்பது, சாயம் ஏற்றுவது எல்லாம் கைவேலை.

ஜமக்காளத்தில் விசைத்தறிப் போலிகள் நிறைய. கூட்டுறவுச் சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ வாங்கினால் அந்தச் சந்தேகம் இல்லை. தஞ்சாவூர் பொம்மை, நாச்சியார்கோவில் விளக்கு போன்றவற்றுக்கு அரசின் பூம்புகார் கைவினை விற்பனை நிலையங்கள் இருக்கின்றன. முடிந்தால் செய்கிறவர் வீட்டுக்கே போய் வாங்குங்கள், பேரம் பேசாமல். பூவுக்கும் லைட்டுக்கும் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு, கொட்டான் முடைகிற அம்மாவிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லும் பழக்கம் நமக்கு இருக்கிறது.

அய்யனார் குதிரை, தெருக்கூத்துக் கிரீடம், கரகம் எல்லாம் போட்டோ எடுக்கும் இடத்தில் வைக்கலாமா?

குதிரையிலிருந்து பார்ப்போம். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் புரவி எடுப்பு என்னும் கோயில் திருவிழாவில் தூக்கிச் செல்லும் மண் குதிரை நேர்த்திக்கடன். அதைச் செய்கிற வேளார் (மண்பாண்டக் கலைஞர்) பல ஊர்களில் பூசாரியும்கூட. அழகுக்காகச் சிறிய மண் குதிரை செய்து தரச் சொன்னால் செய்வார்கள். கோயிலுக்கு நேர்ந்த குதிரையின் அளவில், அதே அலங்காரத்தோடு வரவேற்பில் நிறுத்தினால் வந்தவர்களில் யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார், பக்கத்திலேயே இன்னொருவர் அதன் மேல் சாய்ந்து செல்ஃபி எடுப்பார். இரண்டு பேருக்கும் சங்கடம்.

கூத்துக் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் விளையாட்டுப் பொருளல்ல. மரத்தில் செதுக்கி, கண்ணாடி பதித்து, கலைஞர்கள் வருடக்கணக்கில் வைத்துப் புழங்குவது. பிடித்திருக்கிறதா? ஒரு கூத்துக் குழுவையே அழையுங்கள். அரை மணி நேரம் ஆடட்டும். பிறகு விருப்பமுள்ளவர்கள் அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும். கரகத்துக்கும் அதேதான். கலையை விட்டுவிட்டு அதன் சட்டையை மட்டும் வாடகைக்கு எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்குளித் துணி வேலைக்கும் இது பொருந்தும். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் எண்ணித் தைப்பது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த வடிவத்தைப் படம் பிடித்து ஃபிளெக்ஸில் அடிப்பது திருட்டு. நிஜத் துணி ஒன்றை வாங்கி முக்கியமான ஒரு இடத்தில் விரியுங்கள்.

எதைத் தொடவே கூடாது?

நீலக்குறிஞ்சி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018-இல் மூணாறு மலைகளில் பூத்தது, அடுத்தது 2030-இல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள செடி அது, ஒரு கொத்துகூடப் பறிக்கக் கூடாது. நெய்தல் (கடற்கரை) அலங்காரம் என்று பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல்குதிரை வைப்பவர்கள் உண்டு. இரண்டுமே முதல் அட்டவணை, வைத்திருப்பதே குற்றம். கிழிந்த மீன் வலை, பாய்மரத் துணி, கயிறு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. பிளாஸ்டிக் கொடி, பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி, 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர் எல்லாம் அதே பட்டியலில் உண்டு. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளைத் தமிழ்நாடு அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. "மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டித் தருகிறேன்" என்று இன்றும் சொல்வார்கள். வேண்டாம் என்றுவிடுங்கள், அதே எழுத்தை வைக்கோல் பிரியில் கட்டலாம்.

சட்டம் தடுக்காத, ஆனால் கவனிக்க வேண்டிய இரண்டு: அரளியும் செங்காந்தளும். செங்காந்தள் மாநிலப் பூ, மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்கள், பார்க்க நெருப்பு மாதிரி இருக்கும். ஆனால் கிழங்கு முதல் விதை வரை நஞ்சு. அரளியும் நஞ்சுதான். இரண்டையும் பந்தி மேசையிலோ, குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்திலோ, கேக் மீதோ வைக்காதீர்கள்.

விளக்கு எப்படி?

மஞ்சள் ஒளி மட்டும். ஓலை, பாய், மண், நெல் எல்லாமே மஞ்சளும் பழுப்பும் கலந்தவை. நீலமும் ஊதாவுமாகச் சுழலும் லைட்டுக்குக் கீழே செண்டுமல்லி அழுக்குப் பழுப்பாகத் தெரியும். வாங்கும்போது 2700 முதல் 3000 கெல்வின் என்று கேளுங்கள். உண்மையான எண்ணெய் விளக்கு வைப்பதென்றால் ஏசித் துவாரத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள், பக்கத்தில் ஓலையோ நெட்டியோ இல்லாமல் பாருங்கள், ஒருவரை அதற்கென்றே நிறுத்துங்கள்.

கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்ப விழாக்களுக்கும், அலுவலக நிகழ்ச்சிக்கும் இது ஒத்துவருமா?

நன்றாகவே. குருத்தோலை தேவாலயத்துக்குப் புதிதல்ல, குருத்தோலை ஞாயிறே இருக்கிறது. பத்தமடைப் பாயைத் தலைமுறைகளாக நெய்து வருபவர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியப் பெண்கள். நெல், பனை, மல்லிகை, மண் எந்த மதத்துக்கும் தனிச்சொத்து அல்ல. உருவம் வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளில் பொம்மை, குதிரை இவற்றைத் தவிர்த்துவிட்டு, பின்னலும் கட்டமும் உள்ள துணி, பூச்சரத் திரை என்று போகலாம். அலுவலக விழாவுக்கு ஒன்றே ஒன்று: மேடைக்குப் பின்னால் பெரிய திரை இருக்கும், அதோடு போட்டி போடாதீர்கள். வரவேற்பு மேசையையும் சாப்பாட்டு இடத்தையும் மட்டும் செய்யுங்கள்.

கடற்கரையிலோ மலையிலோ வைத்தால்?

கிழக்குக் கடற்கரைச் சாலையோர விழாக்களில் முதல் பிரச்சினை காற்று. துணித் திரை கப்பல் பாய் போலப் புடைத்துச் சட்டத்தையே சாய்க்கும். முடைந்த ஓலைத் தட்டி காற்றைக் கொஞ்சம் உள்ளே விடுவதால் தப்பிக்கும். இரண்டாவது, ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரையோரம் முட்டையிட வரும். குஞ்சுகள் பொரிந்து கடலுக்குப் போவது அதற்குப் பிந்திய வாரங்களில். கரையில் பளிச்சென்று விளக்கு எரிந்தால் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து நகரும். அந்த மாதங்களில் மணல் பக்கம் லைட் அடிக்காதீர்கள்; எல்லாம் நிலத்தைப் பார்த்துத் தாழ்வாக இருக்கட்டும்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும், அலங்காரப் பொருள் ஏற்றிய வேனையும் கணக்கில் சேருங்கள். நீலகிரியில் தண்ணீர் பாட்டில் உட்படப் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை. அங்கே எனக்குப் பிடித்த பொருள் உண்ணிச்செடிக் (லன்டானா) குச்சி. காட்டை அடைத்துக்கொண்டு பரவும் களை அது. எவ்வளவு வெட்டினாலும் காட்டுக்கு நன்மைதான். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் அதைக் கொண்டு நிஜ யானை அளவில் யானையே செய்கிறார்கள். உங்களுக்கு வளைவோ பெஞ்சோ செய்து தரச் சொல்லிக் கேட்கலாம்.

செலவு குறையுமா?

பொருள் செலவு குறையும், கூலி கூடும். ஃபோம் செட்டை இரண்டு பேர் மூன்று மணி நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். ஓலை முடைய, கதிர் கட்ட, மாக்கோலம் போட அதைவிட அதிகக் கை வேண்டும். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது, பணம் போகும் இடம்தான் மாறும். குறைக்க வேண்டும் என்றால் இடங்களைக் குறையுங்கள்: வாசல், மேடை, பந்தி மூன்று போதும். நடைபாதை, படிக்கட்டு, கார் நிறுத்துமிடம் என்று நீட்டும்போதுதான் தொகை எகிறுகிறது.

விழா முடிந்ததும் இவ்வளவையும் என்ன செய்வது?

முன்பே பேசிவைக்காவிட்டால் இரவு பதினொரு மணிக்கு மண்டபத்துக்காரர் எல்லாவற்றையும் ஒரே குப்பை வண்டியில் ஏற்றிவிடுவார். டெக்கரேட்டரோடு போடும் ஒப்பந்தத்திலேயே, கழற்றுவதும் பிரிப்பதும் அவர் வேலை என்று எழுதிக்கொள்ளுங்கள். வாழையும் ஸ்டேபிளர் படாத ஓலையும் மாட்டுக்குப் போகலாம். அரளி மட்டும் தனி மூட்டை. அதை மாடு தின்றால் செத்துவிடும், ஆகவே கழற்றும் ஆளுக்கு முன்பே காட்டிக் கொடுங்கள். நெற்கதிர்க் கொத்துகளைப் பந்தி முடிந்து போகிறவர்களிடம் ஆளுக்கொன்று கொடுத்தால் மீதியே இருக்காது. மண் பானைகளைச் செடி வைக்கக் கேட்டு வாங்கிப் போவார்கள். ஜமக்காளம், பாய், தொம்பை, அஸ்மானகிரி இவற்றை வெயிலில் ஒரு நாள் போட்டு, வேப்பிலை வைத்துச் சுருட்டி எடுத்து வையுங்கள். யார் வீட்டில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த கல்யாணத்துக்குத் தேடும்போது சொந்தக்காரர்களுக்குள் மனக்கசப்பு வருவது அதில்தான்.